உள்ளே போகிறவர்களைச் சோதிப்பதில்லை

போதகர் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனதும் ஆபிரகாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திருப்பிக்கொண்டார் என்று சொல்வது சுலபம். கஞ்சித் தண்ணீரே இறங்காத உடம்பு அது. கன்னம் துணிமூட்டையில் உரச, கழுத்து நரம்பு புடைக்க, மெள்ள மெள்ளத்தான் திரும்பினார். ஆனாலும் அந்த மூங்கில் தட்டிக் குடிசைக்குள் நின்றவர்கள் எல்லாருக்கும் அது விளங்கியது. வேண்டாம் என்கிறார்.

“பெரியவரே, இது மருந்து இல்ல. கர்த்தரோட பந்தி,” என்றார் போதகர். “தூரப் பயணம் போறவர வழிச்சோறு கட்டாம அனுப்ப எனக்கு மனசு வரல.”

“வேணாங்கய்யா.” குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. “எனக்கு அந்த யோக்கியத இல்ல.”

“யோக்கியத எனக்கு மட்டும் இருக்குதா?”

“வேணாங்கய்யா.”

அப்பத் துண்டு வைத்த தட்டைக் கட்டிலின் கால்மாட்டில் பிடித்துக்கொண்டு நின்றவன் அவருடைய ஒரே மகன் மாசிலாமணி. தட்டு லேசாக ஆடியது. அவன் மனைவி லூயிசா அதைப் பார்த்தாள். அப்பன் போகப்போகிற துக்கத்தில் ஆடுகிறது என்று நினைத்து, தானும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்துக் குடிசை ரத்தினம்மா கங்கையம்மனைக் கும்பிடுகிறவள். வாசலில் நின்றபடியே, “சாமி குடுக்கறத வேணான்னு சொல்ற கிறிஸ்துவர இன்னிக்கித்தான் பாக்கறேன்,” என்று தன் பாட்டுக்குச் சொன்னாள்.

கிழவருக்கு ஏன் யோக்கியதை இல்லை என்பது அங்கே இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இன்னொருவன் தட்டைப் பிடித்திருந்தான்.

போதகர் கிண்ணத்தை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். இன்னும் சரியாக விடியவில்லை. தங்கச் சுரங்கத்து மில்லில் கல் இடிக்கிற சத்தம் எப்போதும்போலத் தரையை அதிரவைத்துக்கொண்டிருந்தது. அவர் காலை ரயிலில் பௌரிங்பேட்டைக்குப் போகவேண்டும். அங்கே ஒரு கல்யாணம்.

“சாயங்காலம் நேரா இங்கதான் வருவேன்,” என்றார் மாசிலாமணியிடம். “உங்கப்பா மனசுல என்னமோ கிடக்குது. நான் கேட்டா சொல்ல மாட்டார். நீங்க கேளுங்க. பெத்த பிள்ளைகிட்ட சொல்லாம எங்க போவார்?”

மாசிலாமணி தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்காகவே அவனைத் தனியாக அடிக்கலாம்.

*

ஆபிரகாம் பிறந்தபோது ஆபிரகாம் இல்லை. குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், படியாள் வீட்டில் பிறந்த முனியன். படியாள் என்றால், பண்ணைக்காரர் அளந்து போடும் தானியத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டுக் கிடக்கிறவர்கள். அவர் சொல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அவர் தெருவில் செருப்புப் போடக்கூடாது. மீசை முளைத்த வயசில் முனியன் ஓர் இரவு எல்லையைத் தாண்டினார். நடந்தே பெங்களூர் போனார். பாலம் கட்டுகிற, பாதை வெட்டுகிற சாப்பர் பட்டாளத்தில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்பை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பட்டாளத்திலேயே ஞானஸ்நானம் வாங்கினார். பர்மாவுக்குப் போய், கழுத்தளவு ஆற்றில் நின்று பாலம் போட்டார்.

திரும்பி வந்ததும் சிவப்புக் கோட்டோடும் பூட்ஸோடும் சொந்த ஊருக்குப் போனார். பண்ணைக்காரர் தெரு வழியாகவே போனார். சேரியிலிருந்து தன் அம்மாவின் கையைப் பிடித்து, அதே தெரு வழியாகவே கூட்டிக்கொண்டு வந்தார். பண்ணைக்காரர் எழுந்து நின்று பார்த்தாராம். “இன்னா சொன்னாரு நைனா?” என்று மாசிலாமணி சின்ன வயசில் கேட்காத நாளில்லை. ஆபிரகாம் சிரிப்பார். “ஏதோ சொல்லியிருப்பாருடா. பூட்ஸ் சத்தத்துல எனக்குக் கேக்கல.”

பிறகு பென்ஷன் ஆனது. தங்கவயலில் ஆள் வேண்டும் என்ற பேச்சு எங்கும் அடிபட்ட காலம். பெண்டாட்டி பிள்ளையோடு வந்து, ஆண்டர்சன்பேட்டைக்கு அருகே இந்தத் தட்டிக் குடிசை வரிசையில் இறங்கினார். பெண்டாட்டி சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள்.

சாயங்கால ஜெபத்தில் அவர் நாலு நன்றி சொல்வார். எந்த நாளும் அதே நாலு, அதே வரிசை. “பட்டாளத்துக்காக ஸ்தோத்திரம். குடும்பத்துக்காக ஸ்தோத்திரம். விடுதலைக்காக ஸ்தோத்திரம். ரட்சிப்புக்காக ஸ்தோத்திரம்.”

“ரட்சிப்ப மொதல்ல சொல்ல வேணாமா நைனா?” என்று ஒரு தரம் மாசிலாமணி கேட்டான்.

“வந்த வழியிலதான்டா சொல்லிகினு போவணும். பட்டாளத்து உப்பு உடம்புல ஏறலன்னா எங்கம்மா கைய புடிக்கற தைரியம் எனக்கு ஏது? அந்த உப்புலதான் மத்த மூணும் வெந்தது.”

உப்பு என்ற சொல்லை அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. சுரங்கத் துரைக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் ஷாஃப்ட்டு வாசலில் ஆளைச் சோதிக்கிற காவல் வேலையை அவருக்குக் கொடுத்தார்.

அந்த வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூமிக்குள் போய்த் தங்கக் கல் வெட்டுகிறவன் ஷிப்ட்டு முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்ததும், நேரே வீட்டுக்குப் போகமுடியாது. தகரக் கொட்டகைக்குள் வரிசையில் நிற்கவேண்டும். தலைப்பாகையை உதறவேண்டும். கையை மேலே தூக்கவேண்டும். காவல்காரர் அக்குளில், இடுப்பு முடிச்சில், தலைமயிரில் தடவிப் பார்ப்பார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். கடைசியாகப் பாதத்தை எடுத்துக் காட்டவேண்டும். மாட்டுச் சந்தையில் மாட்டுக்குச் செய்வதெல்லாம் மனுஷனுக்குச் செய்வார்கள்.

ஆபிரகாம் யாரையும் கூடக் குறையத் தடவியதில்லை, ஒருத்தனைத் தவிர. தன் மகனை மட்டும் மற்றவனைவிட அதிக நேரம் நிறுத்திவைப்பார். நாக்கை இரண்டு தரம் தூக்கச் சொல்வார். தன் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே, அதற்காக. ஆனால் வரிசையில் நிற்கிற வாய்களை மூடமுடியுமா? கூட வேலை செய்கிற காத்தவராயன்தான் அதில் முதல்.

“மச்சான், உங்க நைனா உன் பல்ல தெனம் எண்ணிக்கிறாரு பாத்தியா? ஒண்ணு கொறஞ்சா தொரைக்கு இன்னா பதில் சொல்றது, சொல்லு.”

வரிசையே சிரிக்கும். மாசிலாமணியும் சிரிப்பான். சிரித்துச் சிரித்து உள்ளே ஒன்று புளித்துப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் காலையில், முந்தின ஷிப்ட்டில் கல் விழுந்து வெட்டுப்பட்ட அவன் கால் கட்டை விரலுக்கு ஆபிரகாமே துணி கிழித்துக் கட்டுப்போட்டார். பட்டாளத்து முடிச்சு. அமுங்கித் தட்டையாக இருக்கும், நடந்தால் உறுத்தாது. அன்று வெடி வைத்து முடித்த பாறையில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், புளியங்கொட்டை அளவு ஒரு வெள்ளைக் கல் மஞ்சள் நரம்போடு கிடந்தது. அப்படி நூறு பார்த்தவன் அவன். விற்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. யாரிடம் விற்பது என்றுகூடத் தெரியாது. எல்லார் முன்னாலும் தன் நாக்கைத் தூக்கச் சொல்கிற அந்தக் கையை ஒரு தரம், ஒரே ஒரு தரம், ஏமாற்றிப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். கட்டைப் பிரித்தான். கல்லை விரலோடு வைத்தான். தனக்குத் தெரிந்தபடி முடிச்சுப் போட்டான்.

கொட்டகையில் ஆபிரகாம் குந்தி உட்கார்ந்து அவன் பாதத்தை எடுத்தார். அவர் விரல் கட்டின்மேல் ஓடி, நின்றது. முடிச்சைப் பார்த்தார். காலையில் போட்ட முடிச்சு அது இல்லை. அண்ணாந்து மகனைப் பார்த்தார்.

பக்கத்தில் வெள்ளைக்காரச் சார்ஜன்ட் முக்காலியில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் போதும். மாசிலாமணிக்கு விலங்கு, பிறகு ஜெயில்.

ஆபிரகாமின் விரல் அந்தக் கல்லின்மேல் ஒரு மூச்சு நேரம் இருந்தது. பிறகு எப்போதும்போல அவன் கெண்டைக்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

“போ. அடுத்த ஆளு வா.”

வீட்டில் அடி விழும் என்று காத்திருந்தான். விழவில்லை. ஒரு வார்த்தை இல்லை. விளக்கேற்றி எல்லாரும் முழங்கால் போட்டார்கள். ஆபிரகாம் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

“குடும்பத்துக்காக ஸ்தோத்திரம்.”

முதல் நன்றி இல்லை. அன்று போனது, அதன் பிறகு அந்த வீட்டில் அது ஒலிக்கவே இல்லை.

வேலையையும் விட்டுவிட்டார். கண் மங்கிவிட்டது என்று துரையிடம் சொன்னார். கண் மங்கினவர் அன்று சாயங்காலம் லூயிசாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். நற்கருணை ஞாயிறு வந்தபோது, எல்லாரும் எழுந்து பீடத்தண்டை போக, அவர் மட்டும் பாயில் உட்கார்ந்தே இருந்தார். கேட்டவர்களுக்கு வயிறு சரியில்லை என்றார். மாசிலாமணிக்குத் தெரியும். பாவத்தை அறிக்கையிடாமல் அந்த அப்பத்தைத் தொடக்கூடாது. அறிக்கையிட்டால் மகனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார்.

மகனோ எழுந்து போய் வாங்கினான். வாங்காவிட்டால் சந்தேகம் வரும் என்று வாங்கினான். அப்பம் தொண்டையில் அடைக்கும், விழுங்கிவிடுவான்.

கல் என்ன ஆனது? குடிசையின் நடுக்கம்பு ஓரம் குழி பறித்துப் புதைத்துவிட்டான். எடுத்து வெளியே வீசப் பயம். வைத்திருக்கவும் பயம். புதைத்ததை மறந்துவிடலாம் என்று பார்த்தான். ஒரு வாரம் கழித்து ஆபிரகாம் தன் கயிற்றுக்கட்டிலை வாசல் பக்கத்திலிருந்து இழுத்து வந்து அந்தக் கம்பு ஓரம் போட்டுக்கொண்டார். “இங்கதான் காத்து நல்லா வருது,” என்றார்.

அப்புறம் ஒரு நாள், இருவரும் களி தின்றுகொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“உள்ள போறவங்கள யாரும் தடவிப் பாக்கறதில்ல, இல்லப்பா?”

“இல்ல நைனா.”

“ம். வெளிய வர்றவனத்தான் பாக்கறாங்க.”

மாசிலாமணி குழம்பு ஊற்றிக்கொண்டான். அவர் என்ன சொல்கிறார் என்று அவனுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். மறுநாள் எடுத்துப் போகலாம் என்று நினைத்தான். மறுநாள் எடுத்தால், அப்பனுக்குத் தெரியும் என்பது தனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அது மண்ணுக்குள் இருக்கிறவரைக்கும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கலாம். மறுநாள், மறுநாள் என்று இரண்டு வருஷம் ஓடிப்போனது. ஓட்டினான் என்றுதான் சொல்லவேண்டும்.

*

போதகர் போன பிறகு மாசிலாமணி உள்ளே வந்தான். லூயிசா தண்ணீருக்குப் போயிருந்தாள். கிழவர் இன்னும் சுவரைப் பார்த்தே கிடந்தார். அந்தச் சிவப்புக் கம்பளிக் கோட்டு மார்புவரை போர்த்தியிருந்தது. கட்டிலடியில் அந்தப் பழைய பூட்ஸ், எண்ணெய் தடவித் துடைத்து, ஜோடியாக.

“நைனா.”

மன்னிச்சிடுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வரவில்லை. கீழே உட்கார்ந்தான். இரும்புக் கரண்டிக் காம்பால் கம்பு ஓரத்தைக் கிளறினான். மண் இறுகிப்போயிருந்தது. அதைக் கிளறக் கட்டிலின் அடியில் அவன் தலையை நுழைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் கண்டான்: கட்டிலின் ஒரு கால் சரியாக அந்தக் குழியின் மேலேயே ஊன்றியிருந்தது. காற்றும் இல்லை ஒன்றும் இல்லை. இரண்டு வருஷமாக அந்த மனுஷன் காவல் வேலையை விடவில்லை. யார் கண்ணிலும் அது பட்டு மகன் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று, அதன்மேலேயே படுத்து, காவல் காத்திருக்கிறார்.

மாசிலாமணி கரண்டியை வைத்துவிட்டுக் கட்டில் சட்டத்தைப் பிடித்தான்.

கட்டிலை ஒரு விரல்கடை நகர்த்தினான். கல் வந்தது. குழியை மூடக்கூட நேரமில்லை. காலை ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. கல்லை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தபோது, கிழவரின் தலை இந்தப் பக்கம் திரும்பியிருந்ததா, அல்லது அவனுக்கு அப்படித் தோன்றியதா, பிறகு எத்தனையோ தரம் யோசித்தும் அவனால் சொல்லமுடியவில்லை.

குடத்தோடு உள்ளே வந்த லூயிசா, அவன் தலைப்பாகை கட்டுவதைப் பார்த்தாள்.

“இன்னாங்க, எங்க கெளம்பறீங்க?”

“ஷிப்ட்டுக்கு.”

“ஷிப்ட்டுக்கா?” குடத்தை இறக்காமலே நின்றாள். “மாமா மூச்சு தொண்டைல நிக்குது. இன்னிக்கி போவலன்னா தங்கம் கெட்டுப் போயிடுமா?”

“போயே ஆவணும் லூயிசா.”

“எதுக்கு?”

எதற்கு என்று சொல்ல முடியாது. “சங்கு ஊதினதும் வந்துடறேன். போதகரய்யாவும் சாயங்காலம் வராரு. அதுக்குள்ள வந்துடுவேன்.”

“சாயங்காலம் வரிக்கும் இருக்கணுமே,” என்றாள் தாழ்ந்த குரலில். வாசலில் ரத்தினம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தாழ்ந்த குரலெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. “போவட்டும் வுடு. ஆம்பளைங்களுக்கு பூமிக்குள்ள போய் ஒளிஞ்சிக்க எடம் இருக்குது. நமக்குத்தான் இல்ல.”

*

உள்ளே போகிறவர்களை யாரும் சோதிக்கவில்லை.

கேஜ் இறங்கியது. காது அடைத்தது. அடி லெவலில், கல் ஏற்றிய முதல் தள்ளுவண்டி அவன் பக்கமாக வந்தபோது, மாசிலாமணி இடுப்பிலிருந்து அதை எடுத்துப் போட்டான். கல்லோடு கல்லாக உருண்டது. எது என்று அடையாளம் தெரியவில்லை. வண்டி போய்விட்டது.

இவ்வளவுதான். ஒரு கை அசைவு. களி தின்ற அன்றே செய்திருக்கலாம். போன மாசம் செய்திருந்தால் அப்பன் எழுந்து போய்ப் பீடத்தண்டை கை நீட்டியிருப்பார். நேற்றுச் செய்திருந்தால்கூட இன்று விடியற்காலையில் கிண்ணத்தை வாங்கியிருப்பார். எவ்வளவு சுலபமான வேலை என்று தெரிந்த பிறகுதான் அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

காத்தவராயன் மெழுகுவர்த்தியோடு வந்து பார்த்தான். இன்று அவனும் கிண்டல் பேசவில்லை. “ஏன்டா வந்த? பெரியவரு எப்பிடி கீறாரு?”

“மேல போவணும் மச்சான்.”

மேஸ்திரியிடம் போய்க் கேட்டார்கள். மேஸ்திரி வாயிலிருந்ததைத் துப்பினார். “கேஜு கல்லு ஏத்திகினு இருக்குது. ஆளுக்குக் கேஜு சங்குக்கு அப்புறந்தான். அப்பன் சாவக் கெடக்கறான்னா இன்னாத்துக்குடா எறங்கின?”

மாசிலாமணி திரும்பிப் போய்ச் சுத்தியலை எடுத்தான். ஒவ்வொரு வண்டியாகக் கல் மேலே போனது. அவன் மட்டும் கீழே இருந்தான்.

சங்கு ஊதி, முதல் கேஜிலேயே முண்டியடித்து ஏறி மேலே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கொட்டகையில் இப்போது காவல் சின்னசாமி. ஆபிரகாமிடம் வேலை கற்றவர். அவனைக் கண்டதும் கையை வீசினார்.

“நீ போப்பா, நிக்காத. ஆபிரகாம் அண்ணன் புள்ளய நான் தடவிப் பாக்கறதா? அதுவும் இன்னிக்கி.”

மாசிலாமணி போகவில்லை.

“தடவிப் பாருங்க சித்தப்பா.”

“வேணாம் போடா. அண்ணனுக்கு நான் செய்யற மரியாத அது.”

“பாருங்க.” இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

சின்னசாமி அவன் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, எழுந்தார். தலைப்பாகையை உதறினார். அக்குள், இடுப்பு, தலைமயிர். மாசிலாமணி தானாகவே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினான். இரண்டு தரம். தானாகவே பாதத்தை எடுத்துக் காட்டினான். அந்த வெட்டுக் காயம் ஆறிப்போய், கட்டை விரலில் வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. சின்னசாமியின் கை அதன்மேல் ஓடிக் கடந்தது.

“ஒண்ணுமில்ல. போப்பா.”

தூக்கிய கை தூக்கியபடியே நின்றான்.

“நவுருடா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

*

குடிசை வரிசை திரும்பும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. மில்லின் இடியை மீறிக் கேட்டது.

ரத்தினம்மா வழியிலேயே மறித்தாள். “இப்பத்தான் வரியா? போ. போய் பாரு. ஒன்னயே கேட்டுகினு போனாரு மகராசன்.” அவள் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

உள்ளே பெண்கள் விலகி வழிவிட்டார்கள். லூயிசா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள். யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

“உச்சி வெயில் ஏறினப்போ கண்ண தெறந்தாரு. எங்க அவன்னு கேட்டாரு. ஷிப்ட்டுக்குன்னு சொல்ல எனக்கு நாக்கு கூசிச்சி. கம்முனு இருந்தேன். ‘உள்ள போயிட்டானா?’ன்னு அவரே கேட்டாரு. போயிட்டாரு மாமான்னேன்.”

மூக்கைச் சிந்தினாள்.

“அப்பறம் கட்டில்லேர்ந்து கைய கீழ உட்டாரு. அந்தக் கம்பு ஓரம், மண்ணு கெளறிக் கெடக்குதே, அங்க. தடவித் தடவிப் பாத்தாரு. எலி கிலி தோண்டி வச்சிருக்குதான்னு நான்கூட குனிஞ்சி பாத்தேன். ஒண்ணும் இல்ல. தண்ணிதான் கேக்கறாரோன்னு செம்ப குடுத்தேன். வேணான்னுட்டாரு. ஜெபம் பண்ணலாம் வான்னாரு. ‘பட்டாளத்துக்காக ஸ்தோத்திரம்’னாரு. ரெண்டு வருசமா அத உட்டுட்டாரே, மறந்துட்டாருன்னுல்ல நெனச்சேன். அதுக்கு மேல மூச்சு வரல. ஒதடு மட்டும் ஆடிகினே இருந்தது. அப்பறம் கைய இப்பிடி வச்சாரு. அவ்ளோதான்.”

மாசிலாமணி அப்போதுதான் கைகளைப் பார்த்தான்.

ஆபிரகாம் மல்லாந்து கிடந்தார். மார்புக்குக் கொஞ்சம் மேலே, இடது உள்ளங்கையின்மேல் வலது உள்ளங்கை. இரண்டும் மேல்நோக்கி விரிந்து, நடுவில் லேசாகக் குழிந்து. பீடத்தண்டை முழங்கால் போட்டு அப்பம் வாங்குகிறவர்கள் வைக்கிற மாதிரி. வலது கை விரல்களில் செம்மண் ஒட்டியிருந்தது.

“மடக்கி வைக்கலாம்னு பாத்தோம்,” என்றாள் ஒருத்தி. “திரும்பத் திரும்ப அப்பிடியே வந்து நிக்குது.”

சாயங்கால ரயிலில் போதகர் வந்தார். கைப்பையில் அந்தக் கிண்ணம் துணியில் சுற்றியபடியே இருந்தது. கட்டிலண்டை வந்தவர் கைகளைப் பார்த்தார். பிறகு மாசிலாமணியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“கேட்டிருக்கார், பாருங்க. கடைசியில கேட்டிருக்கார். அவர் கேட்ட நேரத்துல நான் கல்யாண வீட்டுல உக்காந்திருந்தேன். அது என் தப்பு, தம்பி. நான் போயிருக்கக் கூடாது.”

இல்லைங்கய்யா என்று சொல்ல மாசிலாமணி வாயைத் திறந்தான். அதைச் சொன்னால் மற்றதைச் சொல்லவேண்டும். அதை வெளியே விடாமல்தானே அந்த மனுஷன் இரண்டு வருஷம் பசித்துக் கிடந்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. போதகர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு அவனை அணைத்துக்கொண்டார். வாசலில் யாரோ, “பெத்த அப்பன் சாவுல ஷிப்ட்டு அடிச்சவன்,” என்று சொன்னது காதில் விழுந்தது. போதகரின் அணைப்பைவிட அந்தப் பேச்சு அவனுக்கு லேசாக இருந்தது.

மறுநாள் காலை தச்சன் முனியப்பன் பெட்டி கொண்டுவந்தான். வெடிமருந்து வந்த மரப்பெட்டிகளின் பலகையைப் பிரித்துச் செய்தது. உள்ளே வெள்ளைத் துணி விரித்தார்கள். கம்பளிக் கோட்டைப் போட்டு, பூட்ஸை மாட்டி, ஆபிரகாமை இறக்கினார்கள். முனியப்பன் மூடியை வைத்துப் பார்த்தான். உட்காரவில்லை. கைகளில் இடித்தது.

“கொஞ்சம் அமுத்திப் புடிச்சா அடங்கிடும்,” என்றான் முனியப்பன். “எலும்பு எறங்கிக் குடுக்கும். நான் ஆணிய எறக்கிடறேன்.”

“வேணாம்,” என்றான் மாசிலாமணி.

அன்று காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது.

“பின்ன மூடறது எப்பிடிப்பா?”

“ஓரத்துல கட்ட வச்சி ஒசத்திக்க.”

“பலக வேற இல்லியே.”

மாசிலாமணி உள்ளே போனான். ஆபிரகாமின் கயிற்றுக்கட்டிலைக் கவிழ்த்தான். கயிற்றை அறுத்து, ஒரு பக்கச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். முனியப்பன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரம்பத்தை எடுத்து அதை நீளவாக்கில் இரண்டாகக் கீறினான். பெட்டியின் இரண்டு விளிம்பிலும் வைத்து அடித்தான். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் காத்திருந்தார்கள். மரத்தூள் கோட்டின்மேல் சிதறியது. லூயிசா குனிந்து அதை ஊதிவிட்டாள்.

பிறகு மூடியை வைத்தார்கள். இந்தத் தரம் அது, விரிந்திருந்த அந்த உள்ளங்கையைத் தொடாமல், ஒரு விரல்கடை மேலே, சரியாக உட்கார்ந்தது.